ராசி இல்லாத கை

சைரன் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸ் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கேட்டுக்குள் நுழைந்தது. ஹாலில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

டிரைவரே வந்து கதவைத் தட்டினார்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலருந்து வர்றோம். தனகோடின்னு பெரியவரு. எங்க எறக்கறது?"

மூத்தவன் சதாசிவம் தம்பி மணியைப் பார்த்தான். மணி தன் செல்போனைப் பார்த்தான்.

"இப்போதிக்கு ஹால்ல வுடுங்க" என்றான் சதாசிவம்.

"இப்போதிக்குத்தான்" என்று அவன் மனைவி சுஜாதா சேர்த்துக்கொண்டாள்.

"மொதல்ல அந்த சைரன நிறுத்துய்யா" என்றாள் மணியின் மனைவி ஜோதிலட்சுமி. "நாங்க இன்னா ஓடியா பூடப் போறோம்?"

ஓடிப்போக அவளுக்கு வழி தெரிந்திருந்தால் ஓடித்தான் போயிருப்பாள்.

தனகோடியைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிவந்தார்கள். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது பக்கம் மொத்தமும் போய்விட்டது. வலது பக்கத்தில் கட்டைவிரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. "அந்த விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், அதுவும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லை. வாய் போனவனுக்குக் காதும் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே பேசினார்கள்.

மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி இருந்த வாடகை பங்களா அது. ஆஸ்பத்திரியிலிருந்து விடுபட்ட மனிதரை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடற்கரைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. "ஒரு தடவ வாசப்படி ஏறிட்டாருன்னா அங்கயே தங்கிடுவாரு" என்று சுஜாதா சொன்னாள். ஜோதிலட்சுமிக்கும் அதே பயம். அதனால் யாருடைய வாசற்படியும் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்தார்கள். முந்தின நாளே வந்து தங்கி, மீன் வாங்கி வறுத்துத் தின்று, அலையில் கால் நனைத்து, பேசவேண்டியதை மட்டும் பேசாமல் விட்டார்கள். மதியம் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் தனகோடி யார் காரில் ஏறுவது என்று முடிவாக வேண்டும்.

"எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் கீது. நான் இல்லன்னு சொல்லல" என்று சுஜாதா ஆரம்பித்தாள். சதாசிவத்துக்குச் சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை. ஆபீசுக்குப் பக்கத்திலேயே பதினான்காவது மாடியில் வீடு. "ஆனா ரூம் எங்க? ஒண்ணு எங்களுது. ஒண்ணு விஷாகாவுக்கு, அவ ப்ளஸ் டூ. இன்னொண்ணு இவரோட கேம் ரூம்."

"கேம் ரூம காலி பண்ணுங்கக்கா."

"அதுல ஏசி கீது ஜோதி. மாமாவுக்கு ஏசி ஒத்துக்காதே."

"ஏசிய நிறுத்தினா ஒத்துக்கும்."

"வாஷிங் மெஷின் வெச்சிருக்கற எடத்துல வேணா ஒரு கட்டில் போடலாம். ஜன்னல் கீது. கம்பி போட்டுட்டா போதும்."

"எங்க வூட்ல பாத்ரூம் வெளிய" என்றாள் ஜோதிலட்சுமி. "இவரு வேன் எடுத்துக்கினு உங்க சிறுசேரிக்குத்தான் ஆள் ஏத்திக்கினு வர்றாரு. காலைல போனா ராத்திரி. நடுவுல யாரு தூக்கறது? நானா? எனக்கே இடுப்பு புடிச்சிக்கினு கீது."

தனகோடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மணி வீட்டுக்கு. செங்கல்பட்டில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், எலக்ட்ரிக் டிரெயின் போகும்போது ஜன்னல் அதிரும் வீடு. அவருடைய கடை இருந்த தெரு. சதாசிவம் சின்ன வயதிலேயே சிங்கப்பெருமாள் கோயிலில் அத்தை வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடிவந்து, அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கியவன் மணி. அவன் கைவிட மாட்டான். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குக் கீழே சாக அவருக்கு விருப்பமில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரு கட்டைவிரலால் எப்படிச் சொல்வது?

"டாஸ் போட்டுடலாமா?" என்றான் சதாசிவம்.

"பெத்த அப்பன வெச்சி டாஸா?" என்றான் மணி.

"பின்ன நீ கூட்டிக்கினு போ."

மணி திரும்பச் செல்போனை எடுத்தான்.

அப்போதுதான் சதாசிவத்தின் கண் ஹால் மூலையில் நின்றது. அங்கே ஒரு பழைய டியூப் டிவியும், டிவி கேம் பெட்டியும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் கிடந்தன. சதாசிவத்துக்கு நாற்பது வயதுக்குமேல் பிடித்த பைத்தியம் அது. சின்ன வயதில் அத்தை வீட்டில் ஆடக் கிடைக்காத கேமையெல்லாம் இப்போது தேடித் தேடி வாங்கி, ஆபீஸ் நண்பர்களோடு சனிக்கிழமை தோறும் ஆடுவான். பங்களாவில் பொழுது போக வேண்டுமே என்று பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். புது டிவியில் துப்பாக்கி வேலை செய்யாது, டியூப் டிவியின் வெளிச்சம்தான் அதற்குத் தெரியும் என்பதால், கடையை மூடியபோது மணி வீட்டுப் பரணில் போட்ட டிவியைத் தூக்கிவரச் சொல்லியிருந்தான். கேம் கேசட்டும் அப்பா கடையுடையதுதான்.

"இப்ப வர்ற கேம் எல்லாம் வேஸ்ட்டுடா மணி" என்று நேற்று முழுக்கப் பாடம் நடத்தியிருந்தான். "அரை மணி நேரம் கதை சொல்றான், அப்புறம் ஓட வுடறான். பழசுல அதெல்லாம் இல்ல. செங்கல் ஒடைக்கறது, டாங்கு, பைக்கு, வாத்து. இந்த நாலு மட்டும் இன்னிக்கும் ஆடலாம். அதுலயும் வாத்து கீதே, அது சுத்தம். சுட்டா வுழும், தப்புனா பூடும். பொய்யே கெடையாது."

இப்போது அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"வாத்து ஆடலாம். மூணு ரவுண்டு. உனக்கு ஒரு வாத்து, எனக்கு ஒரு வாத்து, மாத்தி மாத்தி. யாரு தோக்கறானோ அவன் நைனாவ கூட்டிக்கினு போவணும். அப்புறம் ஒரு பேச்சு பேசக்கூடாது."

"நீங்க வாராவாரம் ஆடறவரு. இவரு வேன் ஸ்டியரிங்க புடிக்கறவரு. நல்லா கீது ஞாயம்!" என்றாள் ஜோதிலட்சுமி.

"அவன் கடையிலயே பொறந்து வளந்தவன். அவனுக்கு நான் சொல்லித் தரணுமா? இன்னாடா, ஓகேவா?"

மணி அப்பாவை ஒருமுறை பார்த்தான். "ஓகே அண்ணாத்த."

"அவரு எதிர்ல வேணாங்க, பாவம்" என்றாள் ஜோதிலட்சுமி. சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான்.

"ஏ, திருப்பு. அவரு கடை கேமு. அவரும் பாக்கட்டும்." சதாசிவம் நாற்காலியை டிவியைப் பார்த்துத் திருப்பினான். பெட்டியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் துப்பாக்கியின் ஒயர், இன்னொன்றில் கேம் ரிமோட்டின் ஒயர். ஆட்டத்தை ஆரம்பிக்க மட்டும்தான் ரிமோட் வேண்டும்; பிறகு அது சும்மா கிடக்கும். அதை எடுத்து அப்பாவின் வலது கையில் செருகி, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தான். "டாக்டர் விரலுக்கு வேல குடுக்கச் சொன்னாரு இல்ல? ஸ்டார்ட்ட நீ அழுத்து நைனா. உனக்குத்தான் ஆடறோம், நீயே ஆரம்பிச்சி வை."

சுஜாதா சிரித்துவிட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனகோடிக்குச் சிரிப்பு வந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். உலகத்திலேயே அவர் கையில் கொடுக்கக்கூடாத பொருள் அது ஒன்றுதான்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் 'பூவாயி வீடியோ கேம்ஸ்' என்று பெண்டாட்டி பெயரில் போர்டு மாட்டி, மணிக் கணக்கில் டிவி கேம் வாடகைக்கு விட்டவர் தனகோடி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போட்டி வைப்பார். பத்து வாத்தையும் சுட்டு வீழ்த்துகிறவனுக்குக் கேம் பெட்டி ஒருநாள் இலவசம், வீட்டுக்கே எடுத்துப்போகலாம். ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். எட்டு வாத்து விழும், ஒன்பது விழும். பத்தாவது மட்டும் ஒருநாளும் விழாது. கடைசி நொடியில் விருட்டென்று திரும்பி மேலே போய்விடும். புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் தலையை நீட்டிச் சிரிக்கும்.

"உன் கைக்கு ராசி இல்லடா" என்பார் தனகோடி. அழுகிற பிள்ளையிடமும் அதையேதான் சொல்வார். "நல்லாத்தான் சுட்ட. கைக்கு ராசி இல்ல. போயி அடுத்த வருஷம் வா."

ராசியெல்லாம் ஒன்றும் இல்லை. மேசைக்கு அடியில் ரிமோட் இருந்தது. சும்மா கிடப்பதாக எல்லோரும் நினைக்கும் அந்த ரிமோட்டுக்கு யாருக்கும் தெரியாத ஒரு குணம் உண்டு. துப்பாக்கியால் ஒருவன் சுடும்போது, ரிமோட்டின் திசைப் பட்டனை அழுத்தினால் வாத்து அழுத்தின பக்கம் பறக்கும். அவர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை போட்டியில் மணியே நின்றான். ஒன்பது வாத்தை வீழ்த்திவிட்டான். சொந்தப் பிள்ளைக்குப் பெட்டி போனால் ஊர்ப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பத்தாவது வாத்தை அவனுக்கும் மேலே தூக்கிவிட்டார். அவன் ராத்திரி சாப்பிடவில்லை. அவனிடமும் அதையேதான் சொன்னார். உன் கைக்கு ராசி இல்லடா.

தனகோடி ஸ்டார்ட்டை அழுத்தினார். டிவியில் நீல வானமும் பச்சைப் புல்லும் வந்தன.

முதல் வாத்து மணிக்கு. மூன்று குண்டில் இரண்டாவதில் விழுந்தது. விரல் இன்னும் பழகவில்லை. அடுத்தது சதாசிவத்துக்கு. தனகோடி கட்டைவிரலை நகர்த்திக் கீழே அழுத்தினார். வாத்து சொன்ன பேச்சு கேட்டுத் துப்பாக்கி முன்னால் இறங்கி வந்து நின்றது. டப்.

"பாத்தியா! ஒரே குண்டு!" என்றான் சதாசிவம்.

இத்தனை நாளில் முதல் தடவையாகத் தனகோடி நினைத்தது ஒன்று உலகத்தில் நடந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாதவர், ஒரு வாத்தைப் பிடித்து ஓட்டினார்.

மணியின் வாத்து விருட்டென்று திரும்பியது. தப்பியது. நாய் சிரித்தது. சதாசிவத்தின் வாத்து இறங்கி வந்து விழுந்தது. மணியின் வாத்து மேலே போனது. சதாசிவத்தினுடையது விழுந்தது.

"இன்னா பண்ற நீ?" என்று ஜோதிலட்சுமி கத்தினாள். "கண்ணு தெரியலயா? வாத்து அங்க போவுது, நீ இங்க சுடற!"

"திரும்புதுடி! சுடற நேரத்துல திரும்புது!"

"எல்லாருக்கும்தான் திரும்புது. உன் அண்ணாத்த சுடல?"

"ஜோதி, மாமாவுக்குக் காலைல கஞ்சி குடுக்கும்போது தலைய தூக்கி வெச்சிக் குடுக்கணும்" என்று சுஜாதா அன்பாகச் சொன்னாள். "இல்லன்னா பொரையேறும். நோட் பண்ணிக்கோ."

"ஆட்டம் முடியட்டுங்கக்கா."

"இல்ல, முடிஞ்சா மாதிரிதானே?"

முதல் ரவுண்டு முடிந்தபோது சதாசிவம் ஐந்து, மணி ஒன்று. சதாசிவம் எழுந்து சோம்பல் முறித்தான். "இந்த வீல்சேர் என்னுதுடா மணி. ஆன்லைன்ல வாங்கினது. உனக்கே தர்றேன், வெச்சிக்கோ. ஒண்ணும் வேணாம்."

தனகோடியின் நெற்றியில் வியர்வை. விரல் வலித்தது. வலி அவருக்கு இனித்தது. ரயில்வே கேட்டு மணி அடிப்பதும், ஜன்னல் அதிர்வதும் காதில் கேட்கத் தொடங்கிவிட்டன.

இரண்டாவது ரவுண்டு தானாகவே ஆரம்பித்தது. மணி துப்பாக்கியைத் தூக்கினான். வாத்து புல்லிலிருந்து கிளம்பியது. மணி உடனே சுடவில்லை. ஒரு நொடி திரும்பி அப்பாவின் கையைப் பார்த்தான். மடியில் கிடந்த ரிமோட்டையும், அதன்மேல் மெல்ல நகர்ந்த கட்டைவிரலையும் பார்த்தான். வாத்து மேலே போய்விட்டது. நாய் சிரித்தது.

"தூங்கறியா?" என்றாள் ஜோதிலட்சுமி.

சதாசிவம் தன் வாத்தைச் சுட்டான். விழுந்தது.

"அண்ணாத்த, இரு. டிவில கோடு வருது."

"எங்க வருது?"

"உனக்குத் தெரியாது. எனக்கு இந்த டிவிய தெரியும். ஒயரு லூஸா கீது." துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, மணி டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தான். பெட்டியை இழுத்தான், தள்ளினான், ஊதினான். வந்து உட்கார்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். "இப்ப ஆடு."

அவனுக்கு வந்த வாத்து வலது பக்கம் பறந்தது. தனகோடி மேலே அழுத்தினார். வாத்து மேலே போகவில்லை. வலது பக்கமே போய், மணியின் குண்டில் கவிழ்ந்து விழுந்தது.

தனகோடி விரலைப் பார்த்தார். இன்னும் ஒருமுறை அழுத்தினார்.

சதாசிவத்துக்கு வந்த வாத்தைக் கீழே இறக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை. தன் இஷ்டத்துக்குச் சுற்றிப் பறந்து போனது. சதாசிவம் மூன்று குண்டையும் காற்றில் விட்டான். "ஏய்! இன்னா இது?"

மணியின் வாத்து விழுந்தது. சதாசிவத்தினுடையது தப்பியது. மணியினுடையது விழுந்தது. மணி இப்போது வாத்தைத் துரத்தவில்லை. அது எங்கே வரும் என்று முன்பே தெரிந்தவன்போல் துப்பாக்கியை அங்கே கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தான். சின்ன வயதில் ஒன்பது வாத்தை வீழ்த்திய அதே கை.

தனகோடி அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். விரல் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. பட்டன் உள்ளே போவதும் தெரிந்தது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. காலும் இப்படித்தான் போயிற்று. முதல் நாள் 'நட' என்றால் அசைவதுபோல் இருந்தது, எழுந்தால் விழுந்தார். நாக்கும் அப்படித்தான். பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர்கள் 'என்ன, என்ன' என்று கேட்டார்கள். இப்போது இதுவும். டாக்டர் சொன்னது நடந்துவிட்டது. கடைசி விரலும் செத்துவிட்டது.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மாமா இன்னாமோ கேக்கறாரு" என்றாள் ஜோதிலட்சுமி, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

"ஒண்ணும் இல்ல, சளி" என்றாள் சுஜாதாவும் அப்படியே.

மூன்றாவது ரவுண்டில் மணிக்கு ஒன்றும் தப்பவில்லை. சதாசிவம் ஒன்றே ஒன்றை அடித்தான். மணி தன் கடைசி வாத்தைச் சுட்டபோது இரண்டு வாத்து முன்னால் இருந்தான். ஜோதிலட்சுமி எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு மாமனார் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, தட்டிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கஞ்சி குடுக்கும்போது தலைய தூக்கி வெச்சிக் குடுக்கணுங்கக்கா" என்றாள். "நீங்கதான் சொன்னீங்க."

சுஜாதாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. "வாஷிங் மெஷின எங்க வெக்கறது?" என்று புருஷனைக் கேட்டாள். "சொல்லுங்க. வெளயாட்டு வெளயாட்டுன்னு கேம் வாங்கினு வந்தீங்க இல்ல, இப்ப சொல்லுங்க, மெஷின எங்க வெக்கறது?"

"டேய், சும்மா வெளையாட்டுக்குத்தானேடா..." என்று இழுத்தான் சதாசிவம்.

"வெளையாட்டுக்கா? 'அப்புறம் ஒரு பேச்சு பேசக்கூடாது'ன்னு சொன்னது யாரு அண்ணாத்த? வாத்துல பொய்யே கெடையாதுன்னு சொன்னது யாரு?"

சதாசிவம் காரைத் திறக்கப் போனான். சுஜாதா கதவை அறைந்து சாத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பங்களா ஆள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் தூக்கறேன்" என்றான் மணி.

அப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினான். தனகோடிக்கு உடம்பில் எடை இல்லை. தலை மகனின் தோளில் சாய்ந்தது. கட்டைவிரல் மணியின் சட்டையில், காலருக்குக் கீழே இருந்த பட்டனில் பட்டது. அதை அழுத்தியது. விட்டது. திரும்ப அழுத்தியது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்தியது.

மணி அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டான். தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தான். சட்டைப் பட்டனிலிருந்து அந்த விரலை மெதுவாகப் பிரித்தெடுத்து, அவர் மடியிலேயே கொண்டுபோய் வைத்தான். பிறகு முன்சீட்டுக்குக் கேட்காதபடி காதோரம் குனிந்தான்.

"உன் விரலு சாவல நைனா, கைக்கு ராசிதான் இல்ல, ரிமோட் ஒயர நான் அப்பவே புடுங்கிட்டேன்."